மில்லுக்குப் பின்னால் பச்சைக் குளம்

செத்த ஜிலேபிக் கெண்டைகளை அன்னக்கூடை நிறைய அள்ளிவந்து மில் கேட்டுக்கு முன்னால் கொட்டினாள் மாயக்காள். காலை ஷிஃப்டுக்கு வந்த பெண்கள் உள்ளே போக முடியாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். நல்லமரத்துப்பட்டிக் கண்மாயை நம்பி நெல் போடுகிற சம்சாரிகள் அத்தனை பேரும் மாயக்காளுக்குப் பின்னால் திரண்டு நின்றார்கள்.

"ஒங்க மொதலாளிய வரச் சொல்லு," என்றாள் வாட்ச்மேனிடம். "இந்த நாத்தத்த அவரும் மோந்து பாக்கட்டும்."

உசிலம்பட்டிக்குக் கிழக்கே ரோட்டை ஒட்டி இருந்தது முத்திருளனின் புழுங்கல் அரிசி மில். நெல்லை வெந்நீரில் ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து அரைப்பார்கள். ஊறவைத்த தண்ணீரை ஒவ்வொரு ஈட்டுக்கும் வடித்துவிட்டாக வேண்டும். வடிக்கும்போது கஞ்சி வாடை அடிக்கும் அந்தப் பழுப்புத் தண்ணீர், ஒரு நாள் கிடந்தால் புளித்துப்போய் மூக்கைப் பொத்த வைக்கும். பல வருஷமாக அது ஓடை வழியே போய்க் கண்மாயில் விழுந்தது. மில் சின்னதாக இருந்தவரை கண்மாய் தாங்கியது. மில் பெரிதாகி, மழையும் குறைந்துபோன இந்தக் கோடையில் தாங்கவில்லை.

மதியம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து பார்த்தார். பொங்கலுக்குள் சுத்திகரிப்புக்கு வழி செய்யாவிட்டால் மில்லை மூடச் சொல்லி உத்தரவு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சேதியை ஆர்த்திகாவுக்குப் போனில் சொன்னது அவளுடைய அம்மா தங்கப்பொண்ணு. மில்லில் ஊறல் தொட்டி கழுவுகிற வேலை தங்கப்பொண்ணுக்கு. அந்தக் கூலியில்தான் மகளை மதுரைக்கு அனுப்பிப் படிக்கவைத்தாள். ஆர்த்திகா நுண்ணுயிரியல் படித்து, கண்ணுக்குத் தெரியாத பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கி, இப்போது ஒத்தக்கடையில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள்.

"மூடிருவாக போலத்தா," என்றாள் தங்கப்பொண்ணு. "எங்க சோட்டுப் பொம்பளைகளுக்கு வேற யாரு வேலை குடுப்பா?"

"மீன் நெசமாவே செத்துப்போச்சாம்மா?"

"கரை நெடுக மெதக்குது. சம்சாரிகளையும் குத்தம் சொல்ல முடியல."

ஆர்த்திகா அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தாள். முதலில் மில் வடிகாலில் ஒரு பாட்டில், ஓடையில் ஒரு பாட்டில், கண்மாயில் ஒரு பாட்டில் என்று தண்ணீர் பிடித்துக்கொண்டாள். அப்புறம் முத்திருளனின் ஆபீஸ் அறைக்குள் போனாள். தங்கப்பொண்ணு வாசற்படியோடு நின்றுகொண்டாள்.

முத்திருளன் ஐம்பது வயதைத் தாண்டியவர். மேஜை மேல் ஏதோ கம்பெனி கொடுத்துவிட்டுப் போன சுத்திகரிப்பு நிலையத்தின் படம் விரிந்து கிடந்தது.

"உக்காரும்மா. தங்கப்பொண்ணு மகதான நீ? இந்தா, இதப் பாரு. ராவும் பகலும் மோட்டார் ஓடணுமாம். கரண்டுக்கே மில்லை வித்துரலாம்."

"சார், அந்த மோட்டார் எதுக்குன்னா தண்ணிக்குள்ள காத்து அடிக்க. அழுக்கத் திங்கிற பாக்டீரியாவுக்கு மூச்சு விடக் காத்து வேணும். அந்தக் காத்தப் பாசியே குடுக்கும். வெயில் பட்டாப் போதும். பாக்டீரியா விடுற மூச்சுல பாசி வளரும், பாசி விடுற மூச்சுல பாக்டீரியா வேலை செய்யும்."

"பாசின்னா, கண்மாய்ல படருதே, அதா?"

"அதுலயே பொடிசு. தண்ணியப் பச்சையா ஆக்கும், கையில அள்ள முடியாது."

முத்திருளன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "யூடியூப்ல பாத்தேன். பாசியில இருந்து டீசல் எடுக்கிறாகளாமே. நம்ம லாரிக்கு ஊத்தலாமா?"

ஆமாம் என்று சொன்னால் உடனே சம்மதித்துவிடுவார் என்று ஆர்த்திகாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொல்ல மனம் வரவில்லை.

"பாசியில எண்ணெய் இருக்கு சார். நானே எடுத்திருக்கேன். ஆனா தண்ணியில இருந்து பாசியப் பிரிச்சு, காயவச்சு, எண்ணெய் எடுக்க ஆகுற செலவு அந்த எண்ணெயோட மதிப்ப விடக் கூட. லாரி ஓடாது. அதே பாசியை ஊறல் தண்ணியோட சேத்து மூடுன தொட்டியில விட்டா, காத்து வேண்டாத பாக்டீரியா அதத் தின்னு எரிவாயு குடுக்கும். அது உங்க பாய்லர்ல எரியும். இத என்னால உறுதியாச் சொல்ல முடியும்."

முத்திருளன் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. மேஜை மேல் கிடந்த படத்தைச் சுருட்டினார்.

"அந்தக் கம்பெனிக்காரன் எல்லாத்துக்கும் ஆமாம் சாமி போட்டான்," என்றார். "நீ முடியாததை முடியாதுங்கிற. சரி, மில்லுக்குப் பின்னாடி கருவேலங்காடாக் கெடக்கு. அத எடுத்துக்க."

*

ஆனி மாதம் கருவேலத்தை வெட்டி வேரைப் பிடுங்கினார்கள். கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆர்த்திகா ஊரிலேயே தங்கினாள். திரும்பிப் போகும்போது அந்த வேலை இருக்குமா என்பது நிச்சயமில்லை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஊறல் தண்ணீர் முதலில் போய்ச் சேர மூடிபோட்ட பெரிய தொட்டி ஒன்று கட்டினார்கள். எரிவாயு கொடுக்கும் பாக்டீரியா மாட்டுச் சாணியில் இருக்கும் என்பதால் சாணிக் கரைசலை உறை ஊற்றுவதுபோல அதில் ஊற்றினார்கள். அதிலிருந்து தெளிந்து வரும் தண்ணீர் அடுத்ததாகப் பாசிக் குளத்துக்குப் போகும். குளம் என்று பேரே தவிர, முழங்கால் ஆழம்கூட இல்லாத நீள வட்டத் தொட்டி அது. நடுவில் ஒரு தடுப்புச் சுவர். ஒரு முனையில் துடுப்புச் சக்கரம் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை நகர்த்திக்கொண்டே இருக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் வளர்த்த பாசியைக் கேன்களில் கொண்டுவந்து ஆர்த்திகா குளத்தில் ஊற்றினாள். ஒரு வாரம் தண்ணீர் இளம்பச்சையாக இருந்தது. அப்புறம் மஞ்சளாகி, பழுப்பாகி, ஒரு காலையில் கறுப்பாகக் கிடந்தது. நாற்றம் ரோடு வரை அடித்தது.

சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்து மறுபடி ஊற்றினாள். இந்தத் தடவை பாசி நன்றாகவே வந்தது. ஆனால் திடீரென்று ஒரு நாள் தண்ணீர் பச்சை போய்த் தெளிந்துவிட்டது. முத்திருளனின் மகன் சூரியபிரகாஷ் அதைப் பார்த்துவிட்டு, "சுத்தமாயிருச்சே, அப்புறமென்ன?" என்றான். மில்லில் உற்பத்தி முழுவதையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஆர்த்திகா ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்து அவனைப் பார்க்கச் சொன்னாள். வயிறு பச்சையாக உப்பிய குட்டிக் குட்டிப் பூச்சிகள் நீந்திக்கொண்டிருந்தன.

"இதுகதான் பாசிய மேஞ்சிருச்சுக. அழுக்கு அப்படியே இருக்கு," என்றாள்.

"பொங்கலுக்குள்ள முடியுமா முடியாதா? நேராச் சொல்லுங்க. வெளியூர் ஆர்டர் கையில இருக்கு."

"முடியும்."

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. குளத்து மேட்டில் உட்கார்ந்து யோசித்தாள். ஆய்வகப் பாசி கண்ணாடிக் குடுவையில், அளந்த சத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்ந்தது. இந்த வெயிலும் இந்தக் கஞ்சித் தண்ணீரும் அதற்குப் பழக்கமில்லை. இதே தண்ணீரில் இதே வெயிலில் பிழைத்துக் கிடக்கிற பாசி எங்கேயாவது இருக்கத்தான் வேண்டும். எழுந்து வடிகாலைப் பிடித்தே நடந்தாள். மில் சுவரிலிருந்து கொஞ்ச தூரத்தில், பழைய வடிகால் சிமெண்டு விரிசலில், ஊறல் தண்ணீர் கசிந்த இடமெல்லாம் கரும்பச்சையாகப் படிந்திருந்தது. ஸ்பூனால் சுரண்டி எடுத்துக்கொண்டாள்.

அதைப் பெருக்குவதற்கே ஒரு மாதம் ஆனது. முதலில் பாட்டிலில், பிறகு வாளியில், பிறகு தண்ணீர் டிரம்மில் என்று ஒவ்வொரு தடவையும் ஊறல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனாள். தாங்காதது செத்தது. தாங்கியதை அடுத்த அளவுக்கு மாற்றினாள். புரட்டாசியில் அந்தப் பாசி குளத்துக்குள் இறங்கியபோது மழை வந்து இரண்டு நாள் வெயிலே இல்லை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது. குளம் கீரை மசித்ததுபோலப் பச்சையாகத் திரண்டு நின்றது. அதற்குப் பிறகு அது நிறம் மாறவே இல்லை. பூச்சி தலைகாட்டும்போதெல்லாம் ஒரு நாள் மட்டும் அமிலம் விட்டுப் புளிப்பைக் கூட்டி அதைக் கொன்றாள். பாசி அதையும் தாங்கியது.

மூடிய தொட்டியிலிருந்து வாயுவும் வர ஆரம்பித்திருந்தது. குளத்தில் துடுப்பை நிறுத்தினால் பாசி அடியில் படியும். அதை வழித்து அதே தொட்டிக்குள் விட்டபோது வாயு கூடியது. உமி போட்டு எரிக்கிற பாய்லருக்குக் குழாய் இழுத்துப் பற்றவைத்த அன்று நீலமாக எரிந்த தீயை முத்திருளன் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமி பாதி மிஞ்சுமா?" என்று கேட்டார்.

"பாதி மிஞ்சாது சார். கால்வாசிக்குப் பக்கத்துல வரலாம்."

"நீ ஒண்ணையும் கூட்டிச் சொல்ல மாட்ட," என்று சிரித்தார்.

*

மாயக்காள் இதையெல்லாம் நம்பவில்லை. மில்லுக்குள் பாசி வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே வந்தாள்.

"பாசியக் காட்டி எங்களை ஏமாத்தலாம்னு பாக்குறீகளா?" என்றாள் ஆர்த்திகாவிடம். "நீ இந்த மில்லுச் சோறு தின்னு வளந்தவ. மொதலாளி பக்கம்தான பேசுவ."

"நான் பேச வேண்டாம்மா. நீங்க தெனமும் வாங்க. குளத்துல இருந்து வெளிய விழுற தண்ணிய நீங்களே பாருங்க. சந்தேகம் வந்தாக் கேளுங்க."

மாயக்காள் சொன்னபடி வந்தாள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம். தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்து பார்ப்பாள்.

கார்த்திகையில் மில்லில் வேலை சூடுபிடித்தது. புதிதாக இரண்டு ஊறல் தொட்டிகள் ஓடத் தொடங்கின. ஆர்த்திகா கூடுதல் தண்ணீரை எதிர்பார்த்து இரண்டாவது குளம் ஒன்றைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். ஆனால் அவளுடைய தொட்டிக்கு வருகிற தண்ணீர் கூடவே இல்லை. முதலில் அடைப்பு என்று நினைத்தாள். அடைப்பு இல்லை. நெல் கூடுதலாக ஊறுகிறது, வடிக்கிற தண்ணீரும் கூடியிருக்க வேண்டும். அது எங்கே போகிறது?

மறுநாள் வெள்ளனவே எழுந்து ஓடைக்கு நடந்தாள். மில்லின் கிழக்குச் சுவருக்குக் கீழே, புதர் மூடியிருந்த பழைய குழாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஆவி பறக்கக் கொட்டிக்கொண்டிருந்தது.

சூரியபிரகாஷ் மறைக்கவில்லை. "ஆமா, நான்தான் தொறந்துவிட்டேன்," என்றான். "ஒங்க குளம் இம்புட்டுத் தண்ணியத் தாங்குமான்னு தெரியல. ஆர்டர் நிக்கக் கூடாது. பொங்கல் முடிஞ்சதும் மூடிருவேன்."

"தாங்கும். ரெண்டாவது குளம் தயாரா இருக்கு. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"யாருக்கும் தெரியாதுல்ல. விடுங்க."

"எனக்குத் தெரியும். மாயக்காள் அம்மாகிட்ட நான் சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி நீங்களே அப்பாகிட்ட சொல்லிருங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். தங்கப்பொண்ணு சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"சொன்னா மில்லை மூடிருவாக."

"மூடுனாலும் மூடலாம்."

"அந்தக் கூலியிலதான் நீ படிச்ச."

"தெரியும்மா. நீ இன்னமும் அந்தக் கூலியிலதான் இருக்க, அதுவும் தெரியும். தெனமும் வந்து பாருங்கன்னு அந்த அம்மாகிட்ட சொன்னேன். அவுக ஒரு பக்கம் பாத்துக்கிட்டு நிக்கும்போது இன்னொரு பக்கம் ஊத்துனா, நான் என்ன ஆளு?"

தங்கப்பொண்ணு பானையை மூடிவைத்தாள். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆர்த்திகா மாயக்காளின் தோட்டத்துக்குப் போனாள். மாயக்காள் மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். குழாய் இருக்கும் இடத்தையும் சொன்னாள். மாயக்காள் தட்டைக் கட்டைக் கீழே போட்டாள்.

"ஆளுகளக் கூட்டிக்கிட்டு வாரேன்," என்றாள். "இன்னிக்கு மில்லு ஓடாது."

அவர்கள் கூட்டமாக மில்லுக்கு வந்து சேர்ந்தபோது கிழக்குச் சுவர் ஓரம் ஏற்கெனவே கூட்டம் இருந்தது. ஊறல் தொட்டிப் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அங்கே வந்திருந்தார்கள். செல்லக்கிளியும் சுந்தரம்மாளும் ஜல்லியும் சிமெண்டும் குழைத்துக்கொண்டிருக்க, தங்கப்பொண்ணு மண்டியிட்டுக் குழாய்க்குள் கல்லைச் செருகிக்கொண்டிருந்தாள். சேலை முழுதும் சேறு. சற்றுத் தள்ளி முத்திருளன் கைகட்டி நின்றார். சூரியபிரகாஷ் அவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"ஐயாகிட்ட நேராச் சொல்லிட்டோம்," என்றாள் தங்கப்பொண்ணு, யாரையும் பார்க்காமல். "இந்தக் குழாய் இருக்கிற வரைக்கும் எங்க வேலைக்கு நிச்சயமில்லை. இன்னிக்கு இல்லாட்டி அடுத்த மாசம் ஆரோ பாத்துச் சொல்லத்தான் போறாக. தண்ணி தொறந்துவிடுறது எங்க கை. இனிமே பாசிக் குளத்துக்கு மட்டுந்தான் தொறப்போம். வேற பக்கம் தொறக்கச் சொன்னா தொட்டியில எறங்க மாட்டோம்."

மாயக்காள் குழாய்க்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். உள்ளே கை விட்டுக் கல்லை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"கலவைய இன்னும் கெட்டியாப் போடு," என்றாள் செல்லக்கிளியிடம்.

முத்திருளன் சம்சாரிகள் பக்கம் திரும்பினார். "எம் மகன் செஞ்சது தப்பு. நான் கவனிக்காம இருந்தது அத விடத் தப்பு. அதிகாரிகிட்ட நானே போயிச் சொல்லிருறேன். அவுக என்ன செஞ்சாலும் சரி."

*

அவர் சொன்னபடியே போனார். புதிய தொட்டிகளை நிறுத்திவைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வெளியூர் ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. சூரியபிரகாஷ் கொஞ்ச நாள் ஆர்த்திகாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லூரியிலிருந்தும் போன் வந்தது. அவளுடைய இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அன்று முழுதும் அவள் இரண்டாவது குளத்தின் துடுப்புக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது தங்கப்பொண்ணு, "இங்கிட்டு வேலை முடியலேல்ல, முடி," என்று மட்டும் சொன்னாள்.

மார்கழியில் வெயில் மங்கலாக இருந்ததால் பாசி சோர்ந்தது. தண்ணீரைக் குளத்தில் கூடுதல் நாள் நிறுத்தினாள். ஒரு குளம் நிறைந்ததும் மற்றதில் விட்டாள். பொங்கலுக்கு முந்தின வாரம் அதிகாரி வந்து எல்லா இடத்திலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். முடிவு வரும்வரை முத்திருளன் மில்லுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். தண்ணீர் தேறிவிட்டது. பாசனத்துக்கு விடலாம் என்று எழுதியிருந்தது. நிறுத்திவைத்த தொட்டிகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

அந்தத் தண்ணீரை யார் வயலில் முதலில் விடுவது என்று பேச்சு வந்தபோது சம்சாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பரிசோதனை முடிவு ஒரு பக்கம் இருந்தாலும், விளைகிற நிலம் அவரவர் நிலம்.

"எந்தோட்டத்துல தெக்கோரமாச் சோளம் கெடக்கு," என்றாள் மாயக்காள். "அந்தப் பாத்திக்கு மட்டும் விடு. ஒரு வெள்ளாமை பாப்போம். பயிரு வாடுச்சுன்னா மறுநாளே வாய்க்காலை அடைச்சிருவேன். அப்பறம் என்கிட்ட நீ பேச வரக் கூடாது."

"சரிம்மா," என்றாள் ஆர்த்திகா.

தை பிறந்து முதல் வெள்ளியன்று மடையைத் திறந்தார்கள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, காய்ந்த மண்ணை நனைத்துக்கொண்டு சோளப் பாத்தியை நோக்கிப் போனது. மாயக்காள் மண்வெட்டியோடு அதன் கூடவே நடந்தாள். எங்கேயாவது தண்ணீர் தேங்கினால் ஒரு வெட்டு வெட்டி விட்டாள். பாத்தி நிறைந்ததும் மண்ணில் ஒரு பிடி எடுத்து விரலால் பிசைந்து பார்த்தாள். அப்புறம் அடுத்த பாத்தியின் வரப்பையும் வெட்டித் திறந்துவிட்டாள்.

ஆர்த்திகா கைபேசியை எடுத்து மணி பார்த்தாள். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பால் பண்ணைக்காரர் கழிவுத் தண்ணீரை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். அங்கே என்ன பாசி பிழைக்கிறது என்று முதலில் தேடவேண்டும். காலிப் பாட்டில்கள் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேம்மா," என்று மாயக்காளிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு வரப்போடு நடந்தாள்.